டார்வின், 2010: நின்றுபோன எஞ்சினைவிட மோசமான எஞ்சின்

எஞ்சின் நின்றுபோய் ஒரு விமானம் விழுந்தது என்றால் கேட்கிறவருக்கு உடனே புரிந்துவிடும். இரண்டு எஞ்சினும் குறையில்லாமல் இருந்த விமானம், ஒன்று நின்றால் என்ன செய்வது என்று பழகிப் பார்க்கும்போது விழுந்தது என்றால் 'எப்படி?' என்று யாரும் கேட்பார்கள். இரட்டை எஞ்சின் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, எடுக்கப் போகிற ஒவ்வொருவரும் அந்த 'எப்படி'யைக் கடைசிவரை கேட்டே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்த விபத்தை முழுசாக எழுதுகிறேன்.

2010 மார்ச் 22, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின் விமான நிலையம், காலை 10 மணி தாண்டிச் சற்று நேரம். ஏர்நார்த் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 120 பிரசிலியா, பதிவெண் விஎச்-ஏஎன்பி, 29-ஆம் ஓடுபாதையில் ஓடிக் கிளம்பியது. முப்பது பயணிகள் உட்காரக்கூடிய அந்த டர்போபிராப்பில் (டர்பைன் எஞ்சின் புரொப்பல்லரைச் சுற்றும் விமானம்) அன்று இருந்தவர்கள் இரண்டே பேர், இருவருமே விமானிகள். ஒருவர் தன் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை, அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியை, புதுப்பிக்க வந்தவர். மற்றவர் அவரைச் சோதிக்கிற செக் பைலட், அந்தப் பயணத்துக்குத் தலைமை விமானியும் அவரே. சக்கரங்கள் தரையை விட்டதும், திட்டமிட்டபடி, செக் பைலட் இடது பவர் லீவரைப் பின்னால் இழுத்தார். இடது எஞ்சின் போய்விட்டது, இப்போது சமாளித்துக் காட்டு என்று அதற்கு அர்த்தம். இந்தத் தொழிலில் வருஷா வருஷம் எல்லோரும் செய்து காட்டுகிற பயிற்சிதான் அது. இந்த முறை விமானம் மூக்கை இடப்பக்கம் திருப்பி, வேகம் இழந்து, இடது இறக்கை கீழே போய், ஓடுபாதையின் இடப்புறத்து மரங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. இருவரும் இறந்துபோனார்கள்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் விசாரித்தது. கருப்புப் பெட்டியின் பதிவுகள் கிடைத்ததால், லீவர் எந்த இடத்துக்கு வந்தது, எஞ்சின் என்ன செய்தது என்பதில் ஊகத்துக்கு இடமில்லாமல் போனது. முடிவைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்: செக் பைலட் லீவரை 'ஸீரோ த்ரஸ்ட்' என்ற இடத்தில் நிறுத்தாமல் 'ஃப்ளைட் ஐடில்' வரை இழுத்துவிட்டார். அதனால் அங்கே உருவானது ஒரு எஞ்சின் நின்றுபோன நிலை இல்லை. எஞ்சினும் நின்று, அதைக் காப்பாற்ற வேண்டிய ஆட்டோஃபெதரும் அதே நொடியில் வேலை செய்யாமல் போன நிலை.

இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதி விபத்து புரிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் பொறுமையாக இதைப் பிரித்துப் பார்ப்போம்.

எஞ்சின் நின்றால் புரொப்பல்லர் சும்மா நின்றுவிடாது. எதிரே வரும் காற்று அதைச் சுற்ற ஆரம்பிக்கும். பனையோலைக் காத்தாடியை ஈர்க்குச்சியில் குத்திப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெரியும், அது வேகமாகச் சுற்றச் சுற்றக் கையைப் பின்னால் தள்ளும். பிரசிலியாவின் புரொப்பல்லர் நான்கு பிளேடு கொண்டது, அதன் குறுக்களவு 3.2 மீட்டர். சுற்றும் வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போட்டால் 8 சதுர மீட்டர் வருகிறது, ஒரு சின்ன அறையின் தரை அளவு. அந்த வட்டம் முழுக்கக் காற்றைத் தடுத்துக்கொண்டு, விமானத்தின் நடுவிலிருந்து தள்ளி, இடது இறக்கையில் உட்கார்ந்திருக்கிறது. வலது எஞ்சின் முழு பவரில் முன்னே தள்ளுகிறது, இடப்பக்கம் இந்த வட்டம் பின்னே இழுக்கிறது. விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்குத்தான் ஃபெதர் என்கிற ஏற்பாடு. ஓடுகிற தண்ணீரில் துடுப்பைத் தட்டையாகப் பிடித்தால் கையைப் பிடுங்கும், விளிம்பைக் காட்டிப் பிடித்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதேபோல பிளேடுகளைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டச் செய்வதுதான் ஃபெதர். புரொப்பல்லர் கிட்டத்தட்ட நின்றுவிடும், இழுவை பெருமளவு குறைந்துவிடும். பிரசிலியா மாதிரி விமானங்களில் டேக்-ஆஃப் சமயத்தில் இதை விமானி செய்யக் காத்திருக்க வேண்டாம், ஆட்டோஃபெதர் தானே செய்துவிடும். லீவர் முன்னால் இருக்கும்போதே டார்க் (எஞ்சின் புரொப்பல்லரைச் சுற்றும் முறுக்கு விசை) மட்டும் திடீரென்று விழுந்தால் எஞ்சின் போய்விட்டது என்று முடிவுசெய்து பிளேடுகளைத் திருப்பும். லீவரே பின்னால் வந்தால், விமானி வேண்டுமென்றே பவரைக் குறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எதுவும் செய்யாது. அப்படித்தான் அது இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தரையிறங்க லீவரைக் குறைக்கும்போதும் புரொப்பல்லர் ஃபெதர் ஆகிவிடும்.

இப்போது செக் பைலட்டின் நிலையில் இருந்து பாருங்கள். நிஜமாகவே ஃபெதர் செய்து காட்ட முடியாது, தரைக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல எஞ்சினை யாரும் நிறுத்த மாட்டார்கள். அதனால் 'ஃபெதர் ஆன எஞ்சின் இப்படித்தான் இருக்கும்' என்று போலியாகக் காட்ட வேண்டும். அந்தப் போலிக்குத்தான் ஸீரோ த்ரஸ்ட் என்று பெயர். லீவரைப் பின்னால் கொண்டுவந்து, ஆனால் முழுக்க இழுக்காமல், புரொப்பல்லர் முன்னேயும் தள்ளாமல் பின்னேயும் இழுக்காமல் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் டார்க் மிச்சம் வைப்பது. ஃப்ளைட் ஐடில் அது இல்லை. அங்கே டார்க் சுழி, எஞ்சின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாலும் புரொப்பல்லருக்கு எதுவும் கொடுக்காது, பிளேடுகள் தட்டையாகக் காற்றை எதிர்கொள்ளும். காத்தாடி நிலை. ஸீரோ டார்க், ஸீரோ த்ரஸ்ட் என்று காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது, லீவரில் இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான்.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. நான் ரேட்டிங் எடுத்தது செனகா என்ற சின்ன பிஸ்டன் இரட்டை எஞ்சின் விமானத்தில். 5,000 அடிக்கு மேலே போய், பயிற்றுநர் ஒரு பக்கத்து த்ராட்டிலை முழுக்க மூடினார். நான் காலை அழுத்தி மூக்கை நேராக வைத்துவிட்டு, சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "நேரா இருக்கு, சரி. ஏறுதான்னு பாருப்பா" என்றார். ஏற்ற இறக்கம் காட்டும் ஊசி கோட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, நல்ல எஞ்சின் முழு பவரில் கத்திக்கொண்டிருக்கும்போதே விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. "சார், ஃபுல் பவர் குடுத்தாச்சு சார்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மூடியிருந்த த்ராட்டிலைக் கட்டைவிரலால் ஒரு துளி முன்னே தள்ளினார், எஞ்சினின் அழுத்தமானி பன்னிரண்டு அங்குலம் காட்டும்வரை மட்டும். ஊசி மெதுவாக எழுந்து கோட்டுக்கு வந்தது. என் காலில் இருந்த பாரமும் பாதியாகக் குறைந்தது. நான் எதையுமே மாற்றவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு துளி த்ராட்டில். ஆனால் நாங்கள் 5,000 அடியில் இருந்தோம். டார்வினில் அவர்கள் அப்போதுதான் தரையை விட்டிருந்தார்கள்.

இனி வேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் விசாரணை இரண்டாவதாகச் சொன்னது அதைத்தான்: தவறு செய்தால் தாங்கும் அளவுக்கு இடைவெளி இல்லாத ஒரு வேகத்தில் இந்தப் பயிற்சி தொடங்கப்பட்டது.

இரட்டை எஞ்சின் ஓட்டுகிற எல்லோருக்கும் விஎம்சிஏ மனப்பாடம். ஒரு எஞ்சின் போய், மற்றது முழு பவரில் இருக்கும்போது, மூக்கைத் திருப்பும் வால் பலகையான ரடரை முழுக்க மிதித்து விமானத்தை நேராக வைக்க முடிகிற ஆகக் குறைந்த வேகம். அதற்குக் கீழே போனால் ரடருக்குப் போதிய காற்று கிடைக்காது, மூக்கு ஓடுகிற எஞ்சினிலிருந்து விலகி மறுபக்கம் திரும்பும், பின்னாலேயே இறக்கை கவிழும். சின்ன விமானங்களில் வேகமானியில் சிவப்புக் கோடாகவே வரைந்திருப்பார்கள். நிறையப் பேர் இதை விமானத்தோடு பிறந்த ஒரு எண் மாதிரி நினைக்கிறார்கள். அது சில நிபந்தனைகளின் கீழ் அளந்த எண். ஓடுகிற எஞ்சின் பக்கம் 5 டிகிரிவரை சாய்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு நிபந்தனை. ஆட்டோஃபெதர் உள்ள விமானமாக இருந்தால், நின்ற புரொப்பல்லர் ஃபெதர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டே அளக்கலாம் என்று சான்றளிப்பு விதி அனுமதிப்பது இன்னொன்று. டேக்-ஆஃபுக்குக் கணக்கிடும் வேகங்கள் எல்லாம் இந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன. ஃப்ளைட் ஐடிலில் வைத்ததும் அந்த நிபந்தனை போய்விட்டது, அதோடு அந்த எண்ணும் போய்விட்டது. உண்மையான விஎம்சிஏ கையேட்டில் இருப்பதைவிட மேலே ஏறியிருக்கும், எவ்வளவு மேலே என்று காட்ட வேகமானியில் எந்தக் கோடும் இருக்காது.

ஏறும் திறனும் அப்படித்தான். இந்த வகை இரட்டை எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினோடு, சக்கரங்களை உள்ளே இழுத்த பிறகு, குறைந்தது 2.4 சதவீதம் ஏறிக் காட்ட வேண்டும். 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டர் மேலே. இதுவே பெரிய வரம் ஒன்றும் இல்லை, அதுவும் ஃபெதர் ஆன நிலைக்குச் சொன்ன கணக்கு. எஞ்சின் ஒன்று போனால் பவர் பாதி போகிறது, ஆனால் ஏறும் திறன் பாதிக்கு மேலேயே போய்விடும், ஏனென்றால் பறக்கவே ஒரு பங்கு பவர் தேவை, ஏறுவதற்கு மிஞ்சியது மட்டும்தான். அந்த மிச்சத்தைத்தான் காத்தாடி தின்கிறது.

இங்கே பயிற்சிப் பறத்தலுக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பயணிகள் இல்லாத விமானம் லேசாக இருக்கும், லேசாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று மனசு சொல்லும். ஏறுவதற்கு அது உண்மை. கட்டுப்பாட்டுக்கு அது தலைகீழ். லேசான விமானம் குறைந்த வேகத்திலேயே கிளம்பிவிடும், அதாவது விஎம்சிஏக்கு இன்னும் பக்கத்தில். அதோடு, ஓடுகிற எஞ்சின் பக்கம் சாய்க்கும்போது எடையின் ஒரு பகுதிதான் பக்கவாட்டில் இழுத்து நமக்கு உதவுகிறது, எடை குறைந்தால் அந்த உதவியும் குறையும். காலியாக, லேசாக, தரையை விட்ட கணத்தில் லீவரை இழுப்பது என்பது, எல்லாப் பக்கத்திலும் இடைவெளி குறைவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மூன்றாவதாக, சோதிக்கப்பட்ட விமானியின் கைகள். அவர் அய்லரானையும் (விமானத்தைச் சாய்க்க இறக்கை ஓரத்தில் இருக்கும் பலகை) பவர் லீவரையும் பயன்படுத்திய விதம் கட்டுப்பாடு போகும் வாய்ப்பைக் கூட்டியது என்று விசாரணை சொன்னது. இதைப் படித்துவிட்டு அவரைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். இடது இறக்கை கீழே போனால் கை தானாக வலது பக்கம் திருப்பும், விமானம் ஓட்டப் படித்த முதல் வாரத்திலிருந்து பழகிய பழக்கம் அது. ஆனால் அப்படித் திருப்பும்போது இடது அய்லரான் கீழே இறங்குகிறது, அது அந்தப் பக்கத்தில் இழுவையைக் கூட்டி, ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும் மூக்கை இன்னும் திருப்புகிறது. வேகம் குறையும்போது ஓடுகிற எஞ்சினுக்கு இன்னும் பவர் கொடுப்பதும் அதே மாதிரிதான். விமானம் இறங்குகிறது, பவர் வேண்டும் என்று மனசு சொல்கிறது, கொடுக்கக் கொடுக்க ரடரால் தாங்க முடியாத அளவுக்குத் திருப்பம் கூடுகிறது. அந்த இடத்தில் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, ஓடுகிற எஞ்சினின் பவரைக் குறைத்து மூக்கைக் கீழே விடுவது. நிலம் கண் முன்னே இருக்கும்போது, தரையை நோக்கி மூக்கை இறக்கி, இருக்கிற ஒரே பவரையும் குறைக்கச் சொல்லி மனித உடம்புக்குக் கட்டளையிடுவது எவ்வளவு கடினம் என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உயரம் இருந்தால் அதைப் பழகலாம். அந்த உயரத்தில் அதைச் செய்தாலும் மரத்தில்தான் இறங்க வேண்டும்.

அவர் எதிர்பார்த்துப் பழகியிருந்தது ஃபெதர் ஆன எஞ்சினை. கிடைத்தது வேறொன்று. கால் எவ்வளவு அழுத்த வேண்டும், மூக்கு எவ்வளவு வேகமாகத் திரும்பும், வேகம் எப்படிக் கூடும் என்று உடம்பு வைத்திருந்த கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. அதற்கு மேல் இது அவருக்குத் தேர்வு.

தேர்வு என்றதும் நான் இந்த விபத்தில் அதிகம் நினைத்துப் பார்க்கிற பகுதி வருகிறது. சோதனைப் பறத்தலில் திசையும் வேகமும் எவ்வளவு விலகலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அன்று இரண்டுமே அந்த வரம்பைத் தாண்டின. தாண்டிய பிறகும், கட்டுப்பாடு போவதற்கு முன்பும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் செக் பைலட் பயிற்சியைக் கைவிடவில்லை. அவர் கவனம் வேறெதிலோ மூழ்கியிருக்கலாம் என்று விசாரணை கருதியது. இடது எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். பவர் அங்கேயே இருந்தது, அவர் கைக்குப் பக்கத்தில்.

ஏன் கைவிடவில்லை என்று அவரைக் கேட்க வழியில்லை. ஆனால் பயிற்றுநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மனநிலை தெரியும். மாணவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும் என்று தோன்றும், தானே சரி செய்துவிடுவார், இப்போது தலையிட்டால் தேர்வு வீணாகும், தோல்வி என்று எழுத வேண்டி வரும், ஒரு சக விமானியின் வேலை சம்பந்தப்பட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரோ, இது தேர்வு, நிலைமை கை மீறினால் செக் பைலட் பார்த்துக்கொள்வார், நான் விட்டுவிடக் கூடாது என்று போராடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் மற்றவரை நம்பிக் காத்திருக்கிறார்கள். நிஜமாகவே எஞ்சின் போயிருந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று விமானத்தைப் பார்த்திருப்பார்கள். போலியாக இழுத்ததால்தான் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை இன்னும் கொஞ்சம் பின்னால் போய், அந்த செக் பைலட்டுக்குச் சோதிக்கும் அனுமதி எப்படி வழங்கப்பட்டது என்பதையும் ஆராய்ந்தது. அது சரியான கேள்வி என்று நினைக்கிறேன். நல்ல விமானி எல்லோரும் நல்ல செக் பைலட் ஆகிவிட முடியாது, மற்றவர் கையில் விமானம் தப்பிப்போவதை எந்த நொடியில் நிறுத்துவது என்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

எனக்கு வலிக்கிற விஷயம், இது முதல் தடவை இல்லை என்பதுதான். 1995 செப்டம்பர் 16, நியூ சவுத் வேல்ஸில் டாம்வொர்த். பதினைந்து வருஷம் கூட ஆகவில்லை, அதே நாடு. ஃபேர்சைல்ட் மெட்ரோ 3, அதுவும் இரட்டை டர்போபிராப், அதுவும் பயிற்சி. இருட்டு இரவில், டேக்-ஆஃப் ஓட்டத்திலேயே 'வி1 கட்' (இனி நிற்காமல் கிளம்பியே ஆக வேண்டிய வேகத்தில் எஞ்சின் போவது) காட்ட இடது லீவர் இழுக்கப்பட்டது, ஃப்ளைட் ஐடில் வரை. விமானம் ஏறவில்லை, மரத்தில் மோதித் தரையில் விழுந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். லீவர் எதுவரை வந்தது என்பது அந்த விசாரணையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை டார்வினுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் லீவர் வந்து நின்ற இடம் ஒன்றே என்று யாருக்கும் தெரியும்.

'அப்படியென்றால் இந்தப் பயிற்சியே வேண்டாமே' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்குச் சம்மதமில்லை. 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ் ஏசியாவின் ஏடிஆர் 72, பயண எண் 235. கிளம்பியதும் வலது எஞ்சினின் ஆட்டோஃபெதர் தானாக வேலை செய்து புரொப்பல்லரைத் திருப்பிவிட்டது. எஞ்சின் உண்மையில் கெட்டிருக்கவில்லை, உணர்வி தொடர்பான மின்னிணைப்பில்தான் கோளாறு. இடது எஞ்சின் ஒன்றே போதும், ஏறியிருக்கலாம். தலைமை விமானி அந்த நல்ல இடது லீவரைப் பின்னால் இழுத்து, எஞ்சினை நிறுத்தியும் விட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அந்த ஓர் இடது வலது குழப்பத்துக்கு மருந்து பழக்கம்தான். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் எஞ்சின் போயிருக்கிறது, லீவரைத் தொடுவதற்கு முன் இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதெல்லாம் நூறு முறை செய்தால்தான் கைக்கு வரும். எங்கே செய்வது என்பதுதான் கேள்வி.

பிரசிலியா அளவு விமானத்துக்கு அதற்கு விடை சிமுலேட்டர். அங்கே ஃபெதர் நிஜமாகவே ஆகும், லீவரை முன்னால் வைத்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தலாம், ஆட்டோஃபெதர் தோற்றுப்போவதையும் தனியாகக் காட்டலாம். மாணவர் கவிழ்த்தால் திரையை நிறுத்திவிட்டு மீண்டும் ஓடுபாதையில் வைத்துத் தொடங்கலாம். டார்வினுக்குப் பிறகு ஏர்நார்த் தன் பயிற்சியை சிமுலேட்டருக்கு மாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம், பெரிய விமானங்களில் இப்படிப்பட்ட அவசர நிலைப் பயிற்சியையும் தகுதிச் சோதனையையும் சிமுலேட்டரில்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது, 2013 ஏப்ரல் 1 முதல். நல்ல விதி. ஆனால் 'பெரிய விமானங்கள்' என்ற கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

2017 மே 30, தெற்கு ஆஸ்திரேலியாவின் ரென்மார்க். செஸ்னா 441 கான்குவெஸ்ட், பதிவெண் விஎச்-எக்ஸ்எம்ஜே. உள்ளே மூன்று பேர்: புதிதாகச் சேரும் விமானி, அவரைச் சோதிக்கும் நிறுவனத்தின் பயிற்சி விமானி, அவரையும் மேற்பார்க்க வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர். கிளம்பிய பிறகு, தரையிலிருந்து சுமார் 400 அடியில், எஞ்சின் செயலிழப்புப் பயிற்சி. எதிர்பார்த்த வேகமும் வரவில்லை, ஏறவும் இல்லை. பயிற்சி தொடர்ந்தது. தொடங்கி 40 விநாடிபோல ஆனபோது கட்டுப்பாடு போனது, மீட்க உயரம் இல்லை. மூன்று பேரும் இறந்தார்கள். 40 விநாடி என்பது நீண்ட நேரம். ஒரு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வேகம் வரவில்லை, ஏறவில்லை என்று சொல்லிக்கொண்டே அதை எண்ணிப் பாருங்கள். அந்த அறையில் அனுபவமுள்ள மூன்று ஜோடிக் கண்கள் இருந்தன.

டார்வினில் லீவர் எதுவரை இழுக்கப்பட்டது என்பது பெரிதாகத் தெரிகிறது. ரென்மார்க்கை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை என்பதுதான் இரண்டிலும் பொதுவாக மிஞ்சுகிறது. வரம்பைத் தாண்டியது கருவிகளில் தெரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அந்த இரண்டு காக்பிட்டிலும் இல்லாமல் போயிற்று.

சிமுலேட்டர் கிடைக்காத சின்ன விமானங்களில் நானும் பறந்து கற்றுக்கொடுக்கிறேன், அதனால் இது எனக்கு வெறும் படிப்பு விஷயம் இல்லை. கிளம்புவதற்கு முன், எஞ்சினை இயக்குவதற்கும் முன்னால், தரையில் நின்று மாணவரோடு மூன்று எண்களை வாய்விட்டுச் சொல்வேன். எந்த உயரத்துக்குக் கீழே லீவரைத் தொட மாட்டேன், ஸீரோ த்ரஸ்டுக்கு அழுத்தமானி எதைக் காட்ட வேண்டும், வேகம் எந்த எண்ணுக்கு வந்தால் பயிற்சி முடிந்தது. மூன்றாவது எண் எப்போதும் நீலக் கோட்டுக்கு, அதாவது ஒரே எஞ்சினோடு நன்றாக ஏறும் வேகத்துக்கு, மிக அருகில் இருக்கும், சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போகவே விட மாட்டேன். அந்த எண் வந்ததும் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர் 'போதும்' என்று சொல்ல வேண்டும், சொன்னால் இரண்டு த்ராட்டிலும் சமமாக வந்துவிடும், அதற்கு மதிப்பெண் குறையாது.

போன மாதம் ஒரு மாணவி அதைக் கேட்டுவிட்டு, "சார், நான் சொல்லலாமா? நீங்கதானே கமாண்டர்?" என்றாள். சொல்லலாம் என்றேன். மேலே போய் இடது பக்கத்தைக் குறைத்தேன். அவள் வலது கால் முழங்காலிலிருந்து நடுங்குவது எனக்குத் தெரிந்தது, அந்தக் காலை அழுத்திப் பிடிப்பது அவ்வளவு கடினம், மூக்கு மெல்ல இடப்பக்கம் நகர ஆரம்பித்தது, வேகமானி முள் இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணுக்கு இன்னும் இரண்டு நாட் இருக்கும்போதே "போதும்" என்றாள். நான் த்ராட்டிலை முன்னே தள்ளினேன். அடுத்த முறை காலை முதலிலேயே முழுக்கக் கொடுத்தாள், மூக்கு நகரவில்லை.